பெரிய ஜாஸ் குழுவைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து சாக்ஸபோன், நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ராம்போன், பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ். மொத்தம் 17 பேர். பெரிய ஜாஸ் குழுவின் வழக்கமான அமைப்பு இது. 1930-களில் அமெரிக்க நடன அரங்குகளை நிறைத்ததும் ஏறத்தாழ இதே அமைப்புதான். அதை எடுத்துக்கொண்டு கியூபாவின் தாளக்கட்டு, எத்தியோப்பியாவின் ஐந்து சுர முறைகள், ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலப் பாடல்கள், ஜப்பானிய நோ நாடகத்தின் கைமுரசு என்று எங்கெங்கிருந்தோ வந்தவற்றோடு மோதவிட்டுப் பார்த்த துணிச்சல்காரர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய இசையைப் புதிதாகக் கேட்பவர்களில் பலர் பத்து நிமிடத்தில் சலித்து விலகிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பெரும்பாலும் அவர்கள் காதில் விழுவது இசையின் ஒரு பகுதிதான். எழுதிவைத்தது, அந்த நேரத்தில் மனோதர்மமாக வருவது, வெளியிலிருந்து வாங்கியது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்பதில்தான் இந்தக் குழுக்களின் துணிச்சல் இருக்கிறது. மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றவை கைநழுவிப் போகும்.

"விதியே இல்லாத கூச்சல்" என்று முடிவுகட்டுவது

அமெரிக்கப் பியானோ கலைஞர் சன் ராவின் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். மினுமினுக்கும் உடைகள், தாம் சனிக் கிரகத்திலிருந்து வந்தவர் என்ற அறிவிப்பு, நடுவே பத்துப் பன்னிரண்டு ஊதுகருவிகள் ஒரே நேரத்தில் வெடிக்கும் பகுதிகள். இதைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன தோன்றியதோ அதை வாசிக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் இதே சன் ரா 1940-களின் பிற்பகுதியில் சிகாகோவில் பிளெட்சர் ஹென்டர்சனிடம் பியானோ வாசித்தவர். பெரிய குழுவில் ஊதுகருவிகளைப் பிரிவு பிரிவாக நிறுத்தி, ஒரு பிரிவு கேட்க மறு பிரிவு பதில் சொல்லும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஹென்டர்சன். பல ஆண்டுகள் கழித்து, சன் ராவின் மேடையில் ஹென்டர்சனின் பழைய உருப்படிகள் சுருதி சுத்தமாக ஒலித்தன. அதே கச்சேரியில் அந்த வெடிப்புகளும் நிகழ்ந்தன. கலைஞர்கள் ஒரே வீட்டில் தங்கி, நாள் முழுக்க ஒத்திகை பார்த்த குழு அது.

கட்டற்ற பகுதி ஒன்று வரும்போது அதன் தொடக்கத்தையும் முடிவையும் கவனியுங்கள். 15 பேர் ஒரே நொடியில் நிறுத்துகிறார்கள் என்றால் யாரோ ஒரு சைகை கொடுத்திருக்கிறார். அமெரிக்க இசை நடத்துநர் புட்ச் மாரிஸ் இந்தச் சைகைகளையே ஒரு முழு மொழியாக வளர்த்தார். 1985-இல் நியூயார்க்கில் தொடங்கி, 2013-இல் இறக்கும்வரை, எழுதிவைத்த இசைக்குறிப்பு இல்லாத குழுக்களைக் கைச்சைகைகளால் மட்டும் நடத்தினார். பிடித்து நிறுத்து, திரும்பச் செய், இப்போது வாசித்ததை நினைவில் வைத்துக்கொள், பிறகு கேட்பேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை உண்டு. அந்த "நினைவில் வைத்துக்கொள்" சைகைக்காகவே அவருடைய பதிவுகளைக் கேட்கலாம். பல நிமிடங்களுக்கு முன் தற்செயலாகப் பிறந்த ஒரு துணுக்கு திடீரெனத் திரும்பி வந்து முழுக் குழுவின் தூணாகிவிடும்.

தனி வாசிப்பை மட்டும் தொடர்வது

நான்கு பேர் கொண்ட சிறு குழுவில் சாக்ஸபோன் வாசிப்பவரை மட்டும் பின்தொடர்ந்தால்கூட இசையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். பெரிய குழுவில் அது நடக்காது. தனி வாசிப்புக்குப் பின்னால் மற்றவர்கள் வாசிப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

பியானோ கலைஞரும் குழுத் தலைவருமான டியூக் எலிங்டனின் 1930-ஆம் ஆண்டு உருப்படியான "மூட் இண்டிகோ"வின் தொடக்கத்தைக் கேளுங்கள். மூன்றே கருவிகள்: ட்ரம்பெட், ட்ராம்போன், கிளாரினெட். நியூ ஆர்லியன்ஸ் வழக்கப்படி கிளாரினெட் உச்சியில் பறக்கும், ட்ரம்பெட் நடுவில் மெட்டைச் சொல்லும், ட்ராம்போன் அடியில் நிற்கும். எலிங்டன் இதைக் கலைத்துவிட்டார். மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் அடைப்பு) வைத்த ட்ரம்பெட் மேலே. அதை ஒட்டி உடனே கீழே, தன் இயல்பான இடத்தைவிட்டு மேலேறிய, அதுவும் மியூட் வைத்த, ட்ராம்போன். இவை இரண்டுக்கும் வெகு கீழே, கிளாரினெட்டின் அடிக்குரல். மெட்டு எளிமையானதுதான். ஆனாலும் அந்த ஒலி எந்தக் கருவியுடையது என்று முதலில் கேட்கும் காதால் சொல்லிவிட முடியாது. மூன்று பேரை வைத்து இதைச் செய்தவர் 15 பேர் கையில் இருந்தபோது என்னவெல்லாம் செய்திருப்பார் என்பதை அந்தத் தொடக்கமே சொல்லிவிடுகிறது. ஜாஸில் துணிச்சல் என்பது உரத்த ஒலிதான் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த மென்மையான அரை நிமிடத்தைத்தான்.

பின்னணி சும்மா துணைக்கு நிற்பதில்லை என்பதை இன்னும் தெளிவாகக் காட்டுபவர் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர். இசைக்கோர்ப்பாளர்களான கில் எவன்ஸிடம் உதவியாளராக இருந்து, பாப் புரூக்மெயரிடம் பயின்றவர். அவருடைய உருப்படிகளில் தனி வாசிப்பவருக்கு ஒரு பொறுப்பு உண்டு: எழுதப்பட்ட ஓர் இடத்திலிருந்து எழுதப்பட்ட இன்னொரு இடத்துக்குக் குழுவையே அவர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவர் மனோதர்மமாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுர அடுக்குகள்) மாறும், புல்லாங்குழல்கள் நுழையும், தாளம் அடர்த்தியாகும். தனி வாசிப்பு முடிந்து கைதட்டல் எழும் இடத்தில் இசை தொடங்கிய இடத்தைவிட்டு எங்கோ போயிருக்கும்.

இரண்டாம் முறை கேட்கும்போது தனி வாசிப்பவரை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, பாஸ் ட்ராம்போனையோ பாரிடோன் சாக்ஸபோனையோ மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கீழிருந்து கேட்டால் கட்டடத்தின் அமைப்பு தெரியும்.

கலவையை மேலே தூவிய மசாலாவாக நினைப்பது

இந்த வகை இசையைப் பற்றிய பேச்சில் அதிகம் நடக்கும் தவறு இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். "இதில் லத்தீன் இருக்கிறது, ஆப்பிரிக்கா இருக்கிறது, கொஞ்சம் ராக்கும் இருக்கிறது" என்று பட்டியல் போட்டுவிட்டால் இசையைப் புரிந்துகொண்டதாகிவிடாது. எத்தனை நாடுகள் வந்தன என்று எண்ணுவதைவிட, வந்தது உள்ளே போய் எதை மாற்றியது என்று கேட்க வேண்டும்.

1947-இல் ஹவானாவிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்த சானோ போசோ என்ற காங்கா முரசுக் கலைஞர், ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழுவில் இணைந்தார். போசோவுக்கு ஆங்கிலம் சரியாக வராது. இசைக்குறிப்பைப் படிக்கவும் தெரியாது. "மன்டேகா" என்ற உருப்படிக்கான யோசனையை அவர் பாடிக்காட்டியே விளக்கினார். பாஸுக்கு ஒரு சுழற்சி, அதன்மேல் சாக்ஸபோன்களுக்கு வேறொன்று, அதற்கும் மேல் ட்ரம்பெட்டுகளுக்கு இன்னொன்று. எதுவும் இடம்விட்டு நகர்வதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி அமர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கியூபத் தாள இசையின் உயிர் அதுதான். இப்படியே போனால் ஒரே இடத்தில் நின்றுவிடும் என்று கருதிய கில்லெஸ்பி, கார்டுகள் நகர்ந்துகொண்டே போகும் ஒரு நடுப்பகுதியைத் தாமே எழுதிச் சேர்த்தார். நிற்கும் இசையும் நடக்கும் இசையும் ஒரே உருப்படிக்குள் அருகருகே வந்தன.

உண்மையான சிக்கல் தாளத்தின் உள்நடையில் இருந்தது. ஜாஸின் ஸ்விங் என்ற நடையில் ஒரு தட்டு இரண்டு சம பாதிகளாகப் பிரிவதில்லை. முதல் பாதி நீண்டு, இரண்டாவது குறுகி, திஸ்ர நடையின் சாயலில் சாயும். கியூப இசையில் அந்தப் பாதிகள் சமமாக நிற்கும். அதோடு கிளாவே என்ற அடிப்படை வேறு: இரண்டு தாளக் கட்டங்களில் ஐந்து தட்டுகள், ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு. ஊதுகருவிகளின் சொற்கட்டு கிளாவேயின் தவறான பக்கத்தில் விழுந்தால், கியூபத் தாளத்தில் ஊறிய காதுக்கு அது உடனே உறுத்தும். கில்லெஸ்பியும் போசோவும் தாளத்தின் எடுப்பு எங்கே என்பதில்கூட முதலில் முட்டிக்கொண்டார்கள். ஹம் செய்து காட்டி, ஒருவர் காலத்தை மற்றவர் உணர்ந்து சரிசெய்துகொண்டார்கள். 1948 டிசம்பரில் போசோ சுட்டுக்கொல்லப்பட்டார். இருவரும் சேர்ந்து வேலை செய்த காலம் ஓராண்டுக்குச் சற்றே கூடுதல். அந்தக் குறுகிய காலத்துக்குப் பிறகு ஜாஸின் தாளப் பிரிவு பழையபடி இருக்கவில்லை.

வேற்றிசை உண்மையிலேயே உள்ளே போயிருக்கிறதா என்று அறிய நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அந்த வெளிநாட்டு முரசை மனத்துக்குள் நீக்கிவிட்டுக் கேளுங்கள். ஊதுகருவிகளின் பகுதி மாறாமல் அப்படியே நிற்குமானால் அது அலங்காரம். முரசை எடுத்ததும் ட்ரம்பெட்டின் சொற்கட்டே பொருளற்றுப் போனால் அது கலவை. பிரேசிலின் சால்வடோர் நகரில் 2006-இல் லெட்டியேரெஸ் லெய்ட்டே தொடங்கிய ஆர்கெஸ்ட்ரா ரும்பிலெஸ் இந்தச் சோதனையில் அனாயாசமாகத் தேறும். கண்டோம்பிளே என்ற ஆப்பிரிக்க-பிரேசிலிய சமயத்தின் வழிபாட்டு முரசுகளின் கோலங்களிலிருந்துதான் அங்கே ஊதுகருவிகளின் ஒவ்வொரு வரியும் பிறக்கிறது.

தாளத்தில் இருக்கும் சிக்கல் சுரத்திலும் உண்டு. எத்தியோப்பிய இசையின் முறைகள் ஐந்து சுரங்களால் ஆனவை. டிஸிட்டா, பாட்டி, அம்பஸெல், அஞ்சிஹோயே என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். ஜாஸ் ஹார்மனியோ (சுரங்களின் ஒத்திசைவோ) சுரங்களை ஏழாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது என்று அடுக்கிக்கொண்டே போகும் பழக்கமுடையது. யோசிக்காமல் அப்படி அடுக்கினால் அந்த முறையில் இல்லாத சுரங்கள் நுழைந்து, ஐந்து சுரங்களின் நிறத்தையே கழுவிவிடும். பாஸ்டனில் பயின்ற எத்தியோப்பிய இசைக்கலைஞர் முலாட்டு அஸ்டாட்கே இந்தச் சிக்கலோடுதான் பல்லாண்டுகள் மல்லுக்கட்டினார். 1985-இல் ரஸ் கெர்ஷன் தொடங்கிய, ஏறத்தாழ 10 பேர் கொண்ட ஈதர்/ஆர்கெஸ்ட்ரா என்ற குழு 2004-இல் அடிஸ் அபாபாவில் நடத்திய கச்சேரி அடுத்த ஆண்டு ஒலித்தட்டாக வந்தது. அதில் ஊதுகருவிகள் பல இடங்களில் ஒத்திசைவைக் குறைத்து, ஒரே வரியில் சேர்ந்து வாசிப்பதைக் கவனியுங்கள். எங்கே அடுக்கக் கூடாது என்று தெரிந்து ஒதுங்குவதும் இந்தக் கலையில் சேர்த்திதான்.

ஒட்டாமல் விடுவதையே தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. போர் முடிந்தது தெரியாமல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் காட்டில் ஒளிந்திருந்து 1974-இல் வெளியே வந்த ஜப்பானிய வீரரை மனத்தில் வைத்து ஜாஸ் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி எழுதியது "கோகுன்". நோ நாடகத்தின் சுசுமி முரசும் குரலும் அதில் வருகின்றன. அவற்றின் காலம் இழுபட்டுச் சுருங்கும். ஜாஸ் குழுவின் காலம் சீராக ஓடும். அகியோஷி இரண்டையும் ஒன்றாக்க முயலவில்லை. காலம் நின்றுபோன ஒரு மனிதனின் கதைக்கு அந்த விலகல்தான் தேவைப்பட்டது.

பிற இசையை ஏன் வாங்கினார்கள் என்று கேட்காமல் விடுவது

பாஸ் கலைஞர் சார்லி ஹேடனின் லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா 1969-இல் பதிவு செய்த முதல் ஒலித்தட்டில் ஸ்பானிய உள்நாட்டுப் போர்ப் பாடல்கள் கார்லா பிளேயின் இசைக்கோர்ப்பில் வருகின்றன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பின்னணி தெரியாமல் கேட்டால் பழைய அணிவகுப்பு மெட்டு ஏன் நடுவில் சிதறுகிறது என்பது புரியாது. அதேபோல, பியானோ கலைஞர் கிறிஸ் மெக்கிரேகரும் அவருடைய கறுப்பினத் தோழர்களும் 1964-இல் நிறவெறி ஆட்சியின்கீழ் இருந்த தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர்கள். பிறகு லண்டனில் பிரதர்ஹுட் ஆஃப் பிரெத் என்ற பெரிய குழுவாக, பிரிட்டனின் கட்டற்ற இசைக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் வாசித்தது நடனமாட வைக்கும். அந்தக் கொண்டாட்டத்துக்குள் ஊருக்குத் திரும்ப முடியாதவர்களின் ஏக்கமும் சேர்ந்தே ஒலிக்கிறது.

தாளத்தை எண்ணிக்கொண்டே இருப்பது

ட்ரம்பெட் கலைஞர் டான் எல்லிஸ், ஹரி ஹர் ராவ் என்ற இந்திய இசைக்கலைஞரிடம் இந்தியத் தாள முறையைப் பயின்று, அதைப் பெரிய குழுவுக்குக் கொண்டுபோனவர். 1966-இல் மான்டெரே விழாவில் அவர் வாசித்த ஓர் உருப்படி 19 எண்ணிக்கை கொண்டது. 3, 3, 2, 2, 2, 1, 2, 2, 2 என்று பிரியும். ஒன்று முதல் பத்தொன்பது வரை எண்ணிக்கொண்டு கேட்பவர் கணக்கில் தேறலாம். இசை அவரைத் தாண்டிப் போயிருக்கும். நெடில், குறில் போலத் துண்டுகளின் நீள வேறுபாட்டை உடம்பில் வாங்கிக்கொண்டால் போதும். அந்தத் தனித்த "1" வரும் இடத்தில் ஒரு சிறு தடுக்கல் இருக்கும். அதை அடையாளமாக வைத்துக்கொண்டால் சுற்று தானாகப் பிடிபடும்.

குழுவை ஒரே ஆளாக நினைப்பது

தலைவர் பெயரில் குழு இருப்பதால் எல்லாம் அவர் சிந்தனை என்று எண்ணிவிடுகிறோம். எலிங்டன் "மூன்றாம் ட்ரம்பெட்டுக்கு" என்று எழுதியவர் அல்லர். இன்ன ஆளுக்கு என்று எழுதினார். பபர் மைலியின் உறுமல் ட்ரம்பெட் 1920-களில் குழுவின் முகமாக இருந்தது. 1929-இல் அவர் விலகியதும் வந்த கூட்டி வில்லியம்ஸ் அந்த உறுமலைக் கற்றுத் தனதாக்கிக்கொண்டார். 1940-இல் அவருக்கென்றே "கன்சேர்ட்டோ ஃபார் கூட்டி" எழுதப்பட்டது. ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸபோன் 1927 முதல் 1974 வரை அந்தக் குழுவின் அடித்தளமாகவே இருந்தது. இன்னொரு கையில் அதே குறிப்பைக் கொடுத்தால் அதே ஒலி வராது. ஆகவே, ஒலித்தட்டின் உறையில் இருக்கும் கலைஞர்களின் பெயர்களைப் படியுங்கள். ஒரு பெயர் பிடித்துப்போனால் அவர் வாசிக்கும் பிற குழுக்கள் வரை அது உங்களை அழைத்துச் செல்லும்.

ஒருமுறை கேட்டுத் தீர்ப்பு எழுதுவது

பாஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான சார்லஸ் மிங்கஸ் 1962 அக்டோபரில் நியூயார்க்கின் டவுன் ஹாலில் மாபெரும் குழுவோடு மேடையேறினார். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே படியெடுப்பவர்கள் மேடையில் அமர்ந்து இசைக்குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒத்திகை போதவில்லை, எல்லாம் குழம்பிப்போயிற்று. தோல்வி என்று அன்றே எழுதிவிட்டார்கள். மிங்கஸ் 1979-இல் மறைந்தார். பிறகு அவருடைய தாள்களிலிருந்து "எபிடாஃப்" என்ற இரண்டு மணி நேரத்துக்கும் மேலான படைப்பின் குறிப்புகள் கிடைத்தன. டவுன் ஹாலில் சிதறியது அதன் பகுதிகளே என்பது தெரிந்தது. 1989-இல் குந்தர் ஷுல்லர் நடத்த, ஏறத்தாழ 30 கலைஞர்கள் அதை முழுமையாக வாசித்தார்கள். 27 ஆண்டுகள் கழித்து அந்த இரவின் தீர்ப்பு மாறியது.

உங்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. ஆனால் மிங்கஸின் 1963-ஆம் ஆண்டு ஒலித்தட்டான "தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி" போன்ற ஒன்றை ஒரே அமர்வில் முழுதாகக் கேளுங்கள். துண்டு துண்டாகக் கேட்டால் ஒரு பகுதியின் கரு அடுத்த பகுதியில் திரும்புவது தெரியாமல் போகும். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எலிங்டன், பிறகு கில்லெஸ்பி, பிறகு மிங்கஸ், அதன்பின் சன் ரா.

கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்பது

பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அதைத் தர இயலாது. பாரிடோன் சாக்ஸபோன், பாஸ் ட்ராம்போன் ஆகியவற்றின் கனமும் அதோடு போய்விடும். மிஞ்சுவது மேலே கீச்சிடும் ட்ரம்பெட்டுகள். "காது வலிக்கிறது" என்ற புகாரில் பாதி அங்கிருந்து வருகிறது. நல்ல ஹெட்ஃபோனும் மிதமான ஒலியளவும் போதும்.

நேரில் கேட்க வாய்ப்பிருந்தால் விட்டுவிடாதீர்கள். முன்வரிசை ஆசையை மட்டும் அடக்குங்கள். அங்கே எதிரில் இருக்கும் பிரிவு மட்டும்தான் கேட்கும். சில வரிசைகள் தள்ளி, நடுவில் அமருங்கள். அமர்ந்ததும் முதல் ட்ரம்பெட் வாசிப்பவரையும் டிரம்மரையும் கண்டுபிடித்துவிடுங்கள். ஒரு சுரத்தை எவ்வளவு நீட்டுவது, எங்கே வெட்டுவது என்பதில் பித்தளைக் கருவிகள் எல்லாம் முதல் ட்ரம்பெட்டின் மூச்சைத்தான் பின்பற்றும். குழு முழுவதும் சேர்ந்து பாயும் ஒவ்வொரு இடத்துக்கும் அரைத் தட்டு முன்னால் டிரம்மர் ஒரு சிறு அடியால் தயார்ப்படுத்துவார். அந்தச் சிறு அடி காதில் விழத் தொடங்கிவிட்டால், அடுத்த பாய்ச்சல் எங்கே என்பது உங்களுக்கும் முன்கூட்டியே தெரியவரும்.